பாடகி ஊமைப்படத்தில் நடித்த கதை: ஜெரால்டின் ஃபாரர் பற்றிப் பேசலாமா?

கிராமபோன்காது:

பாட்டுக்காகவே பெயர் பெற்ற ஒருவரை, சத்தமே இல்லாத படத்தில் நடிக்கக் கூப்பிடுவார்களா? அதுவும் தனி ரயில் பெட்டி, தங்குவதற்கு வீடு, கார் எல்லாம் கொடுத்து?

1915 கோடையில் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது ஹாலிவுட்டின் லாஸ்கி கம்பெனி, வந்தவர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா (பாட்டாலேயே நடத்தும் நாடகத்துக்கான அரங்கம், சுருக்கமாக 'மெட்') சொப்ரானோ ஜெரால்டின் ஃபாரர், இயக்கியவர் செசில் பி. டிமில். அப்போது ஃபாரருக்கு 33 வயது. அந்த ஒரே கோடையில் 'மரியா ரோசா', 'கார்மென்', 'டெம்ப்டேஷன்' என்று மூன்று படங்களை முடித்துக் கொடுத்துவிட்டு ஓபரா சீசனுக்குத் திரும்பிப் போனார். 1920 வரை இப்படி ஒரு டஜனுக்கு மேல் படங்கள்.

பழைய கிராமபோன் இசைத்தட்டுகளைச் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஃபாரரை முதலில் குரலாகத்தான் தெரியும். போன மாதம் 'கார்மென்' படத்தை முழுசாகப் பார்த்தேன். அதன் பிறகு அந்தத் தட்டுகளைக் கேட்கும் விதமே மாறிவிட்டது. அதனால்தான் இந்த இழை.

என் கட்சி இதுதான்: சினிமா அவருக்குப் பக்கத் தொழில் இல்லை. மேடையில் 14 வருஷமாக அவர் செய்துவந்ததைத்தான் குரலைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்து காட்டினார். மறுப்பவர்கள் வரலாம்.

மூன்றாம்வரிசை:

மறுக்க நான் வந்துவிட்டேன்.

// சினிமா அவருக்குப் பக்கத் தொழில் இல்லை //

அண்ணா, கொஞ்சம் நிதானம். ஃபாரர் அந்தக் காலத்து விளம்பர ராணி. அவர் போகிற இடமெல்லாம் கூட்டமாகத் திரிந்த இளம்பெண்களுக்கு 'ஜெர்ரி ஃப்ளாப்பர்கள்' என்று தனிப் பெயரே இருந்தது. பெர்லினில் இருந்தபோது ஜெர்மன் பட்டத்து இளவரசரோடு இணைத்து வதந்தி வேறு. லாஸ்கி வாங்கியது அந்தப் பெயரை. குரல் படத்தில் கேட்காது என்பது அவருக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும், டிக்கெட் வாங்கியவனுக்கும் தெரியும்.

இன்னொன்று. அப்போது சினிமாவைச் சந்தைக் கொட்டகைச் சமாச்சாரமாகத்தான் பெரிய மனிதர்கள் பார்த்தார்கள். மெட்டின் சொப்ரானோ வந்து நின்றால் கொட்டகைக்கு மரியாதை. இது வியாபாரம். கலை என்று மாலை போட வேண்டாம்.

சும்மாவந்தேன்:

ஓபரா பற்றி எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. சொப்ரானோ என்றால் பெண் குரலில் உச்ச ஸ்தாயி, அவ்வளவுதான் தெரியும். இவர் யார், எந்த ஊர், எப்படி வந்தார் என்று யாராவது சொன்னால் நானும் சண்டையில் கலந்துகொள்வேன்.

கிராமபோன்காது:

சுருக்கமாகச் சொல்கிறேன் நண்பரே.

1882இல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் மெல்ரோஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சிட் ஃபாரர் தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர், 1880களில் ஃபிலடெல்ஃபியா அணிக்கு ஆடியவர். பெண் ஐரோப்பா போய், 19 வயதில், 1901 அக்டோபரில் பெர்லின் அரசவை ஓபராவில் கூனோவின் 'ஃபௌஸ்ட்'டில் மார்கரீத்தாக அரங்கேறினார். அங்கே அவருக்குக் குரு லில்லி லேமன். சாதாரண ஆள் இல்லை, வாக்னரின் ஓபராக்களைப் பாடும் பாடகிகளில் முதல் வரிசை.

1906 நவம்பர் 26, மெட் சீசனின் தொடக்க இரவு. 'ரோமியோ ஜூலியட்'டில் ஜூலியட்டாக வந்தார். அதன் பிறகு 1922 வரை அங்கேயேதான். 29 பாத்திரங்கள், 672 நிகழ்ச்சிகள். 16 சீசனுக்கு வகுத்துப் பாருங்கள், சீசனுக்கு 42 வருகிறது. சுற்றுப்பயணக் கச்சேரிகள் இதில் சேராது.

ஊமைப்படப்பித்தன்:

இழையைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு வந்தேன். மூன்றாம்வரிசை சொல்லும் வியாபாரக் கணக்கு சரிதான். ஆனால் அது பாதிக் கணக்கு.

பெயரை மட்டும் வைத்துப் படம் ஓட்ட முடியும் என்றால் மேரி கார்டனுக்கு ஓடியிருக்க வேண்டும். அவரும் சொப்ரானோ, அதுவும் 'நடிக்கத் தெரிந்த பாடகி' என்று ஃபாரருக்கு முன்பே பேர் வாங்கியவர். தூபுஸியின் 'பெல்லேயாஸும் மெலிஸாந்தும்' முதன்முதலில் மேடையேறியபோது மெலிஸாந்தாகப் பாடியவர். தயாரிப்பாளர் கோல்ட்வின் அவரை 'தாயிஸ்' படத்தில் போட்டார். படம் படுத்துவிட்டது. அடுத்து கரூசோ. உலகத்தில் அவரைவிடப் பெரிய பெயர் எந்தப் பாடகருக்கு இருந்தது? 1918இல் 'மை கசின்' என்று இரட்டை வேடப் படம். அதுவும் எடுபடவில்லை.

ஃபாரர் மட்டும் எப்படித் தப்பித்தார்? இங்கேதான் டிமில் செய்த ஒரு தந்திரத்தைச் சொல்ல வேண்டும். எல்லாரும் காத்திருந்தது 'கார்மென்' படத்துக்கு. டிமில் அதை முதலில் எடுக்கவில்லை. 'மரியா ரோசா'வை முதலில் எடுத்தார், கேமராவுக்கு முன்னால் ஃபாரருக்குக் கை பழகட்டும் என்று. பழகிய பிறகு 'கார்மென்'. வெளியிடும்போது வரிசையை மாற்றி, 'கார்மென்'னை முதலில் விட்டார்கள். 'மரியா ரோசா' அடுத்த வருஷம்தான் வந்தது.

நாலாயிரம் பேர் உட்கார்ந்த அரங்கின் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும் என்று கையை வீசிப் பழகியவருக்கு, கேமரா நாலு முழத்தில் நிற்கும்போது அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாது. கார்டனுக்கு அதைச் சொல்லித்தர ஆள் இல்லை என்பது என் ஊகம். ஃபாரருக்கு ஒரு முழுப் படமே ஒத்திகையாகக் கிடைத்தது.

மூன்றாம்வரிசை:

சரி, இந்தத் தகவல் எனக்குப் புதுசு. ஆனாலும் 'கார்மென்' படத்துக்குப் போனவன், அதே பெயரில் ஓபராவுக்கு இசையமைத்த பிஸேயின் பாட்டை நினைத்துக்கொண்டுதானே போயிருப்பான்?

ஊமைப்படப்பித்தன்:

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஓபராவின் கதை வசனத்துக்கு உரிமைத்தொகை கட்டுப்படியாகவில்லை. அதனால் டிமிலின் அண்ணன் வில்லியம், மூல நாவலான மெரிமேயின் கதைக்கே போய்த் திரைக்கதை எழுதினார். ஓபராவில் வரும் சாதுப்பெண் மிக்கேலா இந்தப் படத்தில் கிடையாது. கார்மென் இன்னும் கறாரானவள், காதலைவிடக் கடத்தல் தொழிலில் குறியாக இருப்பவள். ஆனால் கொட்டகையில் வாசிக்க ஹியூகோ ரீசன்ஃபெல்ட் தொகுத்துக் கொடுத்த இசை பிஸேயிலிருந்துதான். ஆக, காதில் ஓபரா, கண்ணில் நாவல். நடுவில் வாய் அசைத்துக்கொண்டு, ஆனால் பாடாமல், அந்தப் பாத்திரத்தை மேடையில் பாடிப் பேர் வாங்கிய அதே பெண்!

முதல் காட்சியை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பாஸ்டன் சிம்ஃபனி ஹாலில், 1915 அக்டோபர் 1. ஃபாரரின் சொந்த ஊருக்குப் பக்கம். வியாபாரம் என்று மூன்றாம்வரிசை சொன்னது இங்கே நன்றாகப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். கிட்டத்தட்ட அதே சமயம் ஃபாக்ஸ் கம்பெனியும் தீடா பாராவை வைத்து ஒரு 'கார்மென்' விட்டது. கொஞ்ச நாளில் சாப்ளின் டிமில் படத்தைக் கிண்டல் செய்து ஒரு படம் எடுத்தார். ஒரு படம் எவ்வளவு பேசப்பட்டது என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

படம் ஒரு மணி நேரம்தான். நேரமில்லாதவர்கள் சுருட்டு ஆலையில் நடக்கும் பெண்கள் சண்டையையாவது பாருங்கள். ஃபாரரோடு மல்லுக்கட்டும் பெண் ஜீனி மக்ஃபெர்சன். டிமிலுக்கு வரிசையாகத் திரைக்கதை எழுதியவர் அவர்தான். தலைமுடியைப் பிடித்து உலுக்குவதில் பாசாங்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சுருதிப்பெட்டி:

நான் மேற்கத்தியக் குரலிசை பயின்றவள், இப்போது சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இவ்வளவு நேரம் ஒருவரும் குரலைப் பற்றிப் பேசவில்லையே என்று வந்தேன்.

ஃபாரரின் சாரீரம் அழகு, நடுஸ்தாயியில் ஒரு கதகதப்பு உண்டு. ஆனால் மேலே போகும்போது இழுத்துப் பிடிக்கிறார். இதைச் சொல்வது நான் மட்டுமில்லை. 1907இல் மெட்டில் 'மதாம் பட்டர்ஃப்ளை' முதன்முதலாக ஏறியபோது புச்சினி நேரில் வந்திருந்தார். ஊரே ஃபாரரைத் தலையில் வைத்து ஆடியது. புச்சினி மட்டும் கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார்: சுருதி விலகுகிறது, குரலை அழுத்துகிறார், பெரிய அரங்கில் எட்டவில்லை என்று. இசையமைத்தவரே இப்படிச் சொன்னால் என்ன செய்வது!

அதோடு ஃபாரருடைய கொள்கையே வேறு. ஒரு ஸ்வரம் அழகாக விழுவதைவிட அந்த இடத்தில் பாத்திரத்தின் உணர்ச்சி வெளிப்படுவதுதான் முக்கியம் என்று வெளிப்படையாகவே சொன்னவர். அழ வேண்டிய இடத்தில் குரல் உடைந்தால் உடையட்டும் என்ற கட்சி. கேட்கச் சுகம்தான். ஆனால் தொண்டை இதற்கு வட்டி போட்டு வாங்கிக்கொள்ளும். என் ஆசிரியை வகுப்பில் ஃபாரர் தட்டைப் போட்டுக் காட்டுவார், 'இப்படி அனுபவித்துப் பாடு, ஆனால் இப்படிப் பாடாதே' என்று. எனக்கு அது புரியப் பல வருஷம் ஆனது.

கிராமபோன்காது:

சுருதிப்பெட்டி அக்கா, உங்கள் காதை மதிக்கிறேன். ஒரு சின்ன ஜாமீன் மட்டும் கேட்கிறேன். ஃபாரரின் முக்கியமான தட்டுகள் எல்லாம் புனல் காலத்தவை. மைக் கிடையாது. பாடகர் ஒரு தகரப் புனலுக்குள் பாட, அந்த அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகில் கோடு போடும். உச்ச ஒலிகளில் பெரும்பகுதி அதில் விழாது. இதில் அதிகம் நஷ்டப்பட்டது சொப்ரானோக்கள்தான், கரூசோ மாதிரி ஆண் குரல்கள் தப்பித்தன. மேல் ஸ்வரம் வரும்போது புனலை விட்டுப் பின்னால் நகர வேண்டும், இல்லாவிட்டால் ஊசி எகிறிவிடும். மைக் வைத்துப் பதிவது 1925இல் வந்தது. அதற்குள் ஃபாரர் மெட்டை விட்டு 3 வருஷம் ஆகிவிட்டது.

இன்னொரு தொல்லை வேகம். நிமிஷத்துக்கு 78 சுற்று என்று பெயர்தானே தவிர அப்போது பதிந்தது 74, 76 என்று எதுவாகவும் இருக்கும். அப்படியே 78இல் ஓட்டினால் சுருதி ஏறி, குரல் கீச்சென்று ஒலிக்கும். இணையத்தில் கிடைக்கும் பாதிப் பிரதிகள் இப்படித்தான்.

சுருதிப்பெட்டி:

ஜாமீன் தந்தேன். ஆனால் புச்சினி தகரப் புனல் வழியாகக் கேட்கவில்லையே!

கிராமபோன்காது:

அடி பலமாக விழுந்துவிட்டது. அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறேன் 🙂

சும்மாவந்தேன்:

சண்டை நடக்கட்டும். எனக்கு ஒரு கேள்வி. குரல் இப்படித் தேய்ந்துகொண்டிருந்தவருக்குக் கோடையில் ஊமைப்படம் என்றால் அது தொண்டைக்கு ஓய்வுதானே? பணமும் வருகிறது, பேரும் வருகிறது, குரலும் சும்மா இருக்கிறது.

சுருதிப்பெட்டி:

அரிச்சுவடி தெரியாது என்று சொன்னவர் கேட்ட கேள்வியைப் பாருங்கள்! நானே அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. சீசன் முடிந்து கோடையில் கச்சேரி கச்சேரியாகப் போகாமல், பாட வேண்டிய அவசியமே இல்லாத வேலை. குரல் பயிற்றுநராகச் சொல்கிறேன், அதைவிட நல்ல சம்பளத்தோடு கூடிய ஓய்வு எந்தப் பாடகிக்கும் கிடைத்திருக்காது.

ஊமைப்படப்பித்தன்:

ஒரு சின்னக் குறிப்பு. படப்பிடிப்புத் தளத்தில் அவர் முழுக்க இசையில்லாமல் இருக்கவில்லை. மனநிலை வருவதற்காகப் பக்கத்தில் வாத்தியம் வாசிக்க ஆள் வைத்துக்கொண்டார். ஊமைப்படக் காலத்தில் பின்னால் பல தளங்களில் இது வழக்கமானது.

மூன்றாம்வரிசை:

சரி, இவ்வளவு சொன்ன பிறகு நானே தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் பிடித்தது, சினிமா திரும்பி வந்து மேடையைக் கடித்த கதை.

1916 பிப்ரவரி 17. படத்தில் நடித்துவிட்டு வந்த ஃபாரர் மெட்டில் மறுபடி கார்மென். எதிரே, கார்மெனின் காதலன் டான் ஹொசேயாகக் கரூசோ. (இதற்கு ஒன்பது நாள் முன்புதான் ஃபாரருக்கும் நடிகர் லூ டெல்லெஜனுக்கும் கல்யாணம்.) முதல் அங்கத்தில் ஒரு கோரஸ் பெண்ணைப் படத்தில் செய்தது போலவே உலுக்கி எடுத்திருக்கிறார். கரூசோவுக்கு ஒரு அறையும் விழுந்தது. மனிதர் ஆடிப்போய்விட்டார். இருவருக்கும் மேடையிலேயே உரசல், மறுநாள் பத்திரிகைகளுக்குத் தீபாவளி. இது ஓபரா அரங்கமா சினிமாக் கொட்டகையா என்ற தினுசில் பேச்சு.

முதலில் நான் இதை உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் எடுத்து வைத்தேன், சினிமா அவரைக் கெடுத்துவிட்டது என்று. ஆனால் யோசித்தால் பித்தனின் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. கொட்டகையில் கற்றதை மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறார். நல்லதோ கெட்டதோ, பக்கத் தொழில் என்றால் இப்படி நடக்காது. அந்த ஒரு சொல்லை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விளம்பர ராணி என்றதை வாங்க மாட்டேன்.

கிராமபோன்காது:

தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், அவரே அதை மறுத்திருக்க மாட்டார். மெட்டின் இசை நடத்துநர் டோஸ்கனினியோடு ஒத்திகையில் 'நான் நட்சத்திரம், நீங்கள்தான் என்னைத் தொடர்ந்து வர வேண்டும்' என்று ஃபாரர் சொல்ல, 'நட்சத்திரங்கள் வானத்தில்தான் இருக்கும்' என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை ஓபரா உலகில் நெடுநாளாக உலவுகிறது. அப்புறம் அவர்கள் இருவரும் காதலர்கள் ஆனார்கள் என்பது தனிக்கதை. டோஸ்கனினிக்குக் குடும்பம் இருந்தது. 1915இல் அவர் மெட்டை விட்டுப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எழுதுபவர்கள் உண்டு.

ஆனால் விளம்பரத்துக்காக மட்டும் செய்கிறவர் வாத்து மேய்க்க மாட்டார். 1910 டிசம்பர் 28, ஹும்பர்டிங்கின் 'கோனிக்ஸ்கிண்டர்' உலகிலேயே முதன்முறையாக மெட்டில் ஏறுகிறது. ஃபாரருக்கு வாத்து மேய்க்கும் பெண் வேடம். மரவாத்து, பொம்மை வாத்து எல்லாம் வேண்டாம் என்று நிஜ வாத்துகளையே மேடைக்குக் கொண்டுவரச் சொல்லி, தானே அவற்றைப் பழக்கினார். முடிந்து கைதட்டலுக்கு வணங்க வரும்போது கக்கத்தில் ஒரு வாத்து. இது சினிமாவுக்கு ஐந்து வருஷம் முன்பு. டிமில் புதிதாக எதையும் அவருக்குள் வைக்கவில்லை, அங்கே இருந்ததைக் கண்டுபிடித்தார் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சும்மாவந்தேன்:

வாத்து எனக்குப் போதும். நான் இனி ஃபாரர் கட்சி.

ஊமைப்படப்பித்தன்:

'ஜோன் தி உமன்' பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இழை முழுமையாகாது. 1916 கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க்கில் வெளியானது. டிமிலின் முதல் பிரமாண்ட சரித்திரப் படம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஜோன் ஆஃப் ஆர்க் கதையை முதல் உலகப் போரின் பதுங்கு குழியிலிருந்து ஒரு ஆங்கிலச் சிப்பாய் கனவு காண்பது போல ஆரம்பிக்கிறார்கள். எரிக்கும் காட்சியில் தீயும் புகையும் மட்டும் நிறத்தில் வரும். ஹான்ட்ஷீகல் முறை என்று பெயர், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சாயம் ஏற்றும் வேலை. அந்த முறை முதன்முதலாகப் பயன்பட்டது இந்தப் படத்தில்தான்.

ஃபாரருக்கு அப்போது 34. பதின்வயது ஜோனுக்கு வயது கூடுதல், உடம்பும் கூடுதல். விமர்சகர்கள் அன்றே சொன்னார்கள். எனக்கும் முதல் அரைமணி நேரம் அப்படித்தான் இருந்தது. விசாரணைக் காட்சியில் க்ளோசப் வந்ததும் வயது மறந்துவிட்டது. கண்ணை மட்டும் வைத்து அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்.

அதற்குப் பிறகு சரிவுதான். புருஷன் டெல்லெஜனை லாஸ்கி கம்பெனி ஒழுங்காக நடத்தவில்லை என்று கோபித்துக்கொண்டு கோல்ட்வினிடம் போனார். அங்கே எடுத்த படங்களில் டெல்லெஜனே சிலவற்றில் ஜோடி. படங்கள் தேறவில்லை. கடைசியில் கோல்ட்வின் தயங்கித் தயங்கி விஷயத்தை எடுத்ததும், மீதிக் காலத்துக்கான ஒப்பந்தத்தை ஃபாரரே கிழித்துப் போட்டுவிட்டாராம். கோல்ட்வினே இதை எழுதி வைத்திருக்கிறார். வர வேண்டிய பணத்தை வேண்டாம் என்று சொன்னவரை விளம்பர ராணி என்றே வைத்துக்கொள்ளுங்கள், பேராசைக்காரி என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 1923இல் டெல்லெஜனோடு விவாகரத்தும் ஆனது.

சுருதிப்பெட்டி:

இதற்கு நடுவில் 1918 டிசம்பர் 14 என்று ஒரு நாள் உண்டு, சினிமாக்காரர்கள் அதை மறந்துவிடுவார்கள். புச்சினியின் மூன்று ஓரங்க ஓபராக்கள் சேர்ந்த 'இல் ட்ரிட்டிகோ' மெட்டில் உலக அரங்கேற்றம். நடு ஓபரா 'சுவோர் ஆஞ்செலிக்கா'வில் ஆஞ்செலிக்காவாகப் பாடியவர் ஃபாரர். பதினொரு வருஷம் முன்பு அவரைக் குறை சொன்ன அதே புச்சினியின் படைப்பு. போர் ஓய்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, புச்சினியால் கடல் கடந்து வர முடியவில்லை. பாவம், இந்தத் தடவை என்ன சொல்லியிருப்பாரோ!

அன்று மூன்றில் கைதட்டல் அள்ளியது கடைசியில் வந்த 'ஜியானி ஸ்கிக்கி'. ஆஞ்செலிக்கா அவ்வளவாக எடுபடவில்லை. சினிமாவில் ஒப்பந்தக்காரராக ஓடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இப்படி ஒரு புதுப் பாத்திரத்தையும் படித்துப் பாடியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம். ஒரு புது ஓபராவை மனப்பாடம் செய்வது என்றால் என்ன என்று பாடியவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம்வரிசை:

விலகியது எப்படி? குரல் போய்த் துரத்திவிட்டார்களா?

சுருதிப்பெட்டி:

துரத்தவில்லை. 40 வயதில் நிறுத்திவிடுவேன் என்று முன்பே சொல்லி வந்தவர், சொன்னபடி நிறுத்தினார். 1921 நவம்பரில் மரியா யெரிட்சா என்ற புது சொப்ரானோ வந்து, 'டோஸ்கா'வில் தரையில் குப்புறக் கிடந்தபடியே 'விஸ்ஸி தார்த்தே' பாடி ஊரைக் கலக்கிய சீசன் அது. ஃபாரரின் பாத்திரங்கள் கைமாறத் தொடங்கியிருந்தன. அந்த மனக்கசப்பும் இருந்திருக்கும்.

1922 ஏப்ரல் 22, லியோன்கவாலோவின் 'ஸாஸா'. ஃப்ளாப்பர்கள் கூட்டம் கிரீடமும் செங்கோலும் கொண்டுவந்து கொடுத்தது. அழாதீர்கள், இது இழவு வீடு இல்லை என்ற மாதிரி மேடையில் பேசிவிட்டுத் திறந்த காரில் ஊர்வலமாகப் போனார். பிறகு கொஞ்ச காலம் கச்சேரிகள். 1930களின் நடுவில் மெட் வானொலி ஒலிபரப்பில், அங்கங்களுக்கு இடையே பியானோவை வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னார், தேவைப்பட்ட இடத்தில் மெல்லப் பாடியும் காட்டினார். 1967 வரை வாழ்ந்தார்.

கிராமபோன்காது:

பேசும் படம் வந்தபோது அவருக்கு 45. ஒரே ஒரு பேசும் படத்தில்கூட அவர் இல்லை. குரல் பதியாத காலத்தில் திரையில் இருந்தார், குரல் பதியும் காலம் வந்தபோது ஒதுங்கிவிட்டார். 1930இல் கிரேஸ் மூர், அடுத்து லில்லி போன்ஸ் என்று மெட் சொப்ரானோக்கள் வரிசையாக ஹாலிவுட் போனார்கள். 1934இல் மூருக்கு 'ஒன் நைட் ஆஃப் லவ்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையே கிடைத்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் திரையில் பாடினார்கள்.

ஊமைப்படப்பித்தன்:

பாடாமல் திரையில் நின்ற இன்னொரு சொப்ரானோ உண்டே! மரியா காலஸ், 1969, பசோலினியின் 'மெடியா'. அதில் அவர் ஒரு வரிகூடப் பாடவில்லை. ஓபரா மெடியாவாக மேடையில் நெருப்பைக் கக்கியவரை வாயை மூடவைத்து, முகத்தை மட்டும் படமெடுத்தார் பசோலினி. 54 வருஷம் கழித்து அதே சூதாட்டம். அதற்குத் தனி இழை போடுகிறேன், இங்கே ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

சும்மாவந்தேன்:

எல்லாரும் படத்தைப் பார்க்கச் சொல்கிறீர்கள். தட்டில் எதைக் கேட்டு ஆரம்பிக்க? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

கிராமபோன்காது:

1908இல் கரூசோவோடு பாடிய 'பட்டர்ஃப்ளை' காதல் டூயட். அதில் ஒரு வம்பு உண்டு. கரூசோ குடித்துவிட்டு வந்திருந்ததைக் கிண்டல் செய்து, இத்தாலிய வரிக்குப் பதிலாக 'ஹி ஹேட் எ ஹைபால்' (அவர் ஒரு விஸ்கி சோடா போட்டிருக்கிறார்) என்று ஃபாரர் பாடிவிட்டார் என்று தட்டுச் சேகரிப்பவர்கள் நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலியனில் அந்த இடத்தில் இருப்பது 'ஸி, பெர் லா வீட்டா'. கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

சும்மாவந்தேன்:

ஹெட்ஃபோன் போட்டு ஏழு தடவை கேட்டேன். முதல் மூன்று தடவை இத்தாலியன். நாலாவது தடவையிலிருந்து ஹைபால். இப்போது வேறு எதுவும் காதில் விழ மாட்டேன் என்கிறது.

சுருதிப்பெட்டி:

நான் இன்னும் இத்தாலியன் கட்சிதான். ஆனால் அந்த இடத்தில் அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று மட்டும் தோன்றுகிறது. பிள்ளைகள் வகுப்புக்கு வந்துவிட்டார்கள், சாயங்காலம் இன்னொரு தடவை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.